கரண்ட் வந்த அரை நிமிடம்

யாங்கோனின் நடுவே, சூலே பகோடா சாலைக்கும் ஷ்வேடகோன் பகோடா சாலைக்கும் இடையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது பபேடான். பழைய ரங்கூன் ஆட்களுக்கு இதன் தெருக்கள் வேறு பெயர்களில் பழக்கம். இன்றைய அனவ்ரத்தா சாலை அன்று பிரேசர் தெரு. ஷ்வே பொந்தா தெரு அன்று முகல் தெரு. செட்டிநாட்டுக்காரர்கள் கிட்டங்கி போட்டுக் கொடுக்கல் வாங்கல் நடத்தியது அந்த முகல் தெருவில்தான். தமிழர்கள் 1871இல் எழுப்பிய காளி கோயில் அனவ்ரத்தா சாலையில் இன்றும் வண்ணக் கோபுரத்தோடு நிற்கிறது. வடக்கே 1926ஆம் ஆண்டுக் கட்டடமான ஸ்காட் மார்க்கெட், இப்போதைய பெயரில் போஜோக் அவுங் சான் சந்தை. இந்த எல்லைக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சந்துகளில் ஆறு, ஏழு, எட்டு மாடிக் கட்டடங்கள். பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. பால்கனியிலிருந்து தெருவுக்குக் கயிறு தொங்கும். கீழே ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர்காரர் கயிற்றை இழுத்தால் ஐந்தாம் மாடியில் மணி அடிக்கும். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவறாமல் வேலை செய்யும் வீட்டுச் சாதனம் இந்தத் தெருக்களில் அநேகமாக அது ஒன்றுதான்.

மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும்போது சந்து முழுக்க ஒரு குரல் எழும்: "மீ லா பி!" விளக்கு வந்துவிட்டது. அடுத்த அரை நிமிடத்தில் தெருவின் மின்கம்பிகளுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை. மின்சாதனங்களுக்கு இடியும் மின்னலும்தான் எமன் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். பபேடான் போன்ற இடத்தில் ஃபிரிட்ஜையும் ஏ.சி.யையும் தின்பது மின்னல் இல்லை. குறைந்த வோல்டேஜும், போன கரண்ட் திரும்பி வரும் தருணமும், எங்கோ தளர்ந்துபோன ஒரு நியூட்ரல் கம்பியும் சேர்ந்து செய்யும் வேலை அது.

ரங்கூனுக்கு மின்சாரம் புதிதல்ல. 1906இலேயே அங்கே மின்சார டிராம் ஓடியது. டிராமையும் வீட்டு விளக்கையும் ஒரே கம்பெனி நடத்தியது. பெரிய அளவில் தண்ணீரிலிருந்து மின்சாரம் வந்தது 1960இல். போர் இழப்பீடாக ஜப்பான் தருவதாக 1954இல் ஒப்புக்கொண்ட பணத்தில் கயா மாநிலத்தின் லாபிட்டாவில் பலூசாங் நிலையம் எழுந்தது. அங்கிருந்து ரங்கூன் 300 கிலோமீட்டருக்கும் மேலே. இன்றும் மியான்மரின் மின்சாரத்தில் பெரும்பங்கு நீர்மின் நிலையங்களையும் எரிவாயுவையும் நம்பியிருக்கிறது. மார்ச் முதல் மே வரை வெயில் கொளுத்தும்போது அணைகளில் தண்ணீர் அடியில் கிடக்கும்; அதே மாதங்களில்தான் ஊரில் ஏ.சி.யும் மின்விசிறியும் நிற்காமல் ஓடும். தேவை உச்சியில் இருக்கும்போது வரத்து அடிமட்டத்தில். 2012 மே மாதம் மாண்டலேயில் தொடங்கி யாங்கோன் வரை மக்கள் மெழுகுவர்த்தி ஏந்தி மின்வெட்டை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. பேட்டைகளைப் பிரித்து, நான்கு மணிநேரம் கரண்ட், நான்கு மணிநேரம் இருட்டு என்று முறை வைக்கும் காலமும் வந்தது. ஆகவே ஒரு ஃபிரிட்ஜின் வாழ்நாளில் இந்த அரை நிமிடம் ஆயிரக்கணக்கான முறை வந்துபோகிறது.

முதலில் குறைந்த வோல்டேஜ். யாங்கோனின் வீட்டு மின்சாரமும் நம் ஊரைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து புறப்படும்போது 230ஆக இருப்பது சந்தின் கோடி வீட்டுக்கு ஏன் 190ஆகவும் 160ஆகவும் வந்து சேர்கிறது? வீட்டுக்குள் ஓடும் ஒயரைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி, மீட்டரிலிருந்து எட்டாம் மாடிவரை 25 மீட்டர். போக வர 50 மீட்டர். அதன் மின்தடை ஏறக்குறைய 0.23 ஓம். ஏழு ஆம்பியர் இழுக்கும் ஏ.சி. ஓடினால் அந்தக் கம்பியில் தொலைவது ஒன்றரை வோல்ட் சொச்சம். அதனால் எந்த மோட்டாரும் சாகாது.

குற்றவாளி தெருவில் இருக்கிறது. 50 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 0.6 ஓம் மின்தடை. 300 மீட்டருக்கு 0.18 ஓம். மாலை ஏழு மணிக்கு அந்தக் கம்பியில் 150 ஆம்பியர் ஓடுகிறது என்றால் 27 வோல்ட் வழியிலேயே கரைந்துபோகும். மூன்று ஃபேஸிலும் சுமை சமமாக இல்லாவிட்டால் நியூட்ரல் கம்பியிலும் கொஞ்சம் போகும். இது போதாதென்று இணைப்புகள் இருக்கின்றன. கரும்பச்சை பூத்த தாமிரத்தை வெள்ளைப் பொடி பூத்த அலுமினியத்தோடு முறுக்கி டேப் சுற்றிய ஒரு முடிச்சு 0.1 ஓம் தடை காட்டினால், 30 ஆம்பியரில் அங்கே 3 வோல்ட் போகும். 90 வாட் சூடு பிறக்கும். சூட்டில் முடிச்சு மேலும் கெடும், தடை மேலும் கூடும். சந்துக் கம்பங்களில் இரவில் சில முடிச்சுகள் சிவப்பாகக் கனல்வதைப் பார்க்க முடியும். அழகாகக்கூட இருக்கும்.

வோல்டேஜ் குறைந்தால் எல்லாச் சாதனமும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் இவற்றின் திறன் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 160 வோல்ட்டில் பாதிச் சூடுகூட வராது. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, சட்டை சுருங்கியே இருக்கும், அவ்வளவுதான். செல்போன் சார்ஜர், லேப்டாப், இப்போது வரும் எல்.இ.டி. டி.வி. போன்றவற்றின் அடியில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அவை 160 வோல்ட்டில் நிம்மதியாக ஓடும். இவற்றுக்கு ஸ்டெபிலைசர் வாங்குவது வீண் செலவு என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் எண்பதுகளில் டயனோரா, சாலிடேர் டி.வி. வாங்கியவர்கள் கூடவே ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கினார்கள். அது நியாயம். வோல்டேஜ் இறங்கினால் அந்தக் குழாய்த் திரையில் படம் நாலு பக்கமும் சுருங்கும். கொச்சியில் 1977இல் தொடங்கிய வி-கார்டு கம்பெனி வளர்ந்ததே அந்தப் பெட்டிகளை விற்றுத்தான். டி.வி.யின் உள்கட்டமைப்பு மாறி வெகுகாலம் ஆகியும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

உண்மையில் உயிருக்குப் போராடுவது ஃபிரிட்ஜ். அதன் கம்ப்ரசருக்குள் இருப்பது ஒரு தூண்டல் மோட்டார். அந்த மோட்டாரின் சுழற்றும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் இருக்கும் விசை 160 வோல்ட்டில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஓடிக்கொண்டிருந்தால் எப்படியோ இழுத்துப் பிடித்து ஓடும். ஆனால் அதே வேலையைச் செய்ய அதிக மின்னோட்டம் இழுத்துக்கொண்டு சூடாகும். நின்ற நிலையிலிருந்து புறப்படச் சொன்னால்தான் வம்பு. மோட்டார் சுற்றத் தொடங்கும்வரை வழக்கமாக ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் பாயும். சுற்றத் தொடங்கியதும் அது சட்டென்று இறங்கும். விசை போதாமல் சுற்றவே முடியாவிட்டால் அந்த ஐந்து மடங்கு இறங்காமல் நிற்கும். மின்னோட்டம் ஐந்து மடங்கானால் வைண்டிங்கில் சூடு இருபத்தைந்து மடங்கு. ஃபிரிட்ஜின் பின்னால் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல், பிறகு "டக்" என்று ஒரு சத்தம், சில நிமிடம் அமைதி, மறுபடி உறுமல், மறுபடி "டக்" என்று கேட்டிருப்பீர்கள். அந்த "டக்" கம்ப்ரசரின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன ஈருலோகத் தகடு. சூட்டில் வளைந்து மின்சாரத்தை வெட்டுகிறது, ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் இணைக்கிறது. அது சலிக்காமல் காப்பாற்றும், ஆனால் சாகாவரம் பெற்றதில்லை. ஒருநாள் அதன் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும். அன்று வைண்டிங்கின் வார்னிஷ் கருகும்.

இப்போது அந்த அரை நிமிடத்துக்கு வருவோம். ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் மின்வெட்டில் நிற்கும்போது அதன் ஒரு பக்கக் குழாயில் வாயு பேரழுத்தத்தில் இருக்கிறது. மறு பக்கம் தாழ்ந்த அழுத்தம். நடுவில் இருப்பது மயிரிழை போன்ற துளையுள்ள குழாய். அதன் வழியே வாயு மெல்லக் கசிந்து இரண்டு பக்கமும் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் மோட்டாரைப் புறப்படச் சொன்னால் அது முழு வோல்டேஜிலேயே திணறும். நான்கு மணிநேர வெட்டில் இந்தப் பிரச்சினை இல்லை, அழுத்தம் எப்போதோ சமமாகியிருக்கும். கரண்ட் வந்து, உடனே போய், பத்தே நொடியில் மறுபடி வரும்போதுதான் கண்டம். பபேடானில் அப்படித்தான் வருகிறது. அதற்குக் காரணம் தெருவே.

சாதாரண நாளில் ஒரு கட்டடத்தின் பதினாறு வீட்டு ஃபிரிட்ஜ்களும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஒன்று குளிர்ந்து நிற்கும், இன்னொன்று ஓடும். மின்வாரியங்கள் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதே இந்த முறைமாற்றத்தை நம்பித்தான். நான்கு மணிநேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தால் எல்லா ஃபிரிட்ஜும் சூடாகியிருக்கும். எல்லா அறையும் வெந்திருக்கும். எல்லாத் தண்ணீர்த் தொட்டியும் காலியாகியிருக்கும். கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பும். ஒவ்வொரு மோட்டாரும் தன் ஐந்து மடங்கை இழுக்கும். வோல்டேஜ் சரியும். சரிந்த வோல்டேஜில் மோட்டார்கள் சுற்ற மாட்டாமல் அந்த ஐந்து மடங்கைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே நிற்கும். கடைசியில் டிரான்ஸ்ஃபார்மரின் ஃபியூஸோ துணை நிலையத்தின் பிரேக்கரோ தாங்காமல் விழும். மறுபடி இருட்டு. லைன்மேன் வந்து போட்டதும் அதே கூத்து முதலிலிருந்து.

இதற்கு மருந்து மிக மலிவு. காத்திருப்பதுதான். கரண்ட் போனதும் ஃபிரிட்ஜ், ஏ.சி., தண்ணீர் மோட்டார் மூன்றின் சுவிட்சையும் அணைத்துவிடுவது. ஒரு விளக்கை மட்டும் போட்ட நிலையில் விடுவது. அது எரிந்த பிறகு ஐந்து நிமிடமாவது பொறுத்து ஒவ்வொன்றாகப் போடுவது. வேலைக்குப் போயிருக்கும் வீட்டில் யார் பொறுப்பது? அதற்குத்தான் வோல்டேஜ் பார்த்து வெட்டும் சின்னப் பெட்டி. வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனாலும் மேலே போனாலும் உள்ளேயுள்ள ரிலே இணைப்பைத் துண்டிக்கும். சரியான வோல்டேஜ் வந்த பிறகும் மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ எண்ணிவிட்டுத்தான் இணைக்கும். பெட்டி வோல்டேஜைக் கூட்டாது, குறைக்காது. "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தது மட்டுமே அதன் திறமை. ஃபிரிட்ஜுக்கு ஒரே ஒரு பாதுகாப்புப் பெட்டிதான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வாங்கியதும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்: உங்களுடையது மூன்று நிமிடமா? அப்படியானால் என்னுடையதை ஆறில் வைக்கிறேன். ஒரு கட்டடத்தில் எல்லாப் பெட்டியும் சரியாக மூன்றாம் நிமிடம் இணைத்தால், முதல் நொடியில் நடந்த கூத்து மூன்றாம் நிமிடத்தில் நடக்கும்.

ஸ்டெபிலைசர் வேறு ரகம். அதற்குள் இருப்பது பல முனைகள் கொண்ட ஒரு டிரான்ஸ்ஃபார்மர். வோல்டேஜ் இறங்கும்போது ரிலே ஒரு முனையிலிருந்து அடுத்ததற்கு மாற்றிக் கூட்டிக் கொடுக்கும். சர்வோ ரகத்தில் ஒரு சின்ன மோட்டார் கார்பன் பிரஷ்ஷை நகர்த்தி அதே வேலையை வழுவழுப்பாகச் செய்யும். இதற்கெல்லாம் மூத்தது கையால் திருகும் ஸ்டெப்-அப் பெட்டி. மாலையில் 150 வோல்ட் வருகிறதே என்று குமிழைத் திருகி 220 ஆக்கி வைக்கிறீர்கள். நடு இரவில் தெரு தூங்கிவிட்டது, சுமை குறைந்து வோல்டேஜ் 220க்கு ஏறிவிட்டது. குமிழ் திருகிய இடத்திலேயே இருக்கிறது. வெளியே வருவது 320 வோல்ட்டுக்கும் மேலே. குறைந்த வோல்டேஜுக்கு வாங்கிய மருந்தால் அதிக வோல்டேஜில் போன டி.வி.கள் அந்தக் காலத்தில் கொஞ்சமில்லை. தானியங்கிப் பெட்டிகள் இந்தத் தொல்லையை ஒழித்தன.

ஒழிக்க முடியாத தொல்லை ஒன்று உண்டு. ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே 150 வோல்ட் வாங்கி வெளியே 225 வோல்ட் கொடுத்தால், வெளியே போகும் மின்னோட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு தெருக் கம்பியிலிருந்து இழுத்தாக வேண்டும். ஒன்றரை மடங்கு மின்னோட்டத்தில் கம்பியில் தொலையும் வோல்டேஜும் ஒன்றரை மடங்கு; கம்பியின் சூடு இரண்டேகால் மடங்கு. அதாவது என் வீட்டு வோல்டேஜ் நிமிர நிமிரச் சந்தின் வோல்டேஜ் குனிகிறது. பக்கத்து வீட்டுக்காரரும் ஒன்று வாங்குகிறார். இருவருடைய பெட்டியும் இன்னொரு முனைக்குத் தாவுகின்றன. வெறும் பல்புகளும் இஸ்திரிப் பெட்டிகளும் இருந்த தெருவில் வோல்டேஜ் இறங்கினால் சுமை தானாகவே குறைந்து, கம்பிக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஸ்டெபிலைசர் நிறைந்த தெருவில் வோல்டேஜ் இறங்க இறங்கச் சுமை இறுகுகிறது.

இது ஏழை ஊரின் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1987 ஜூலை 23ஆம் தேதி டோக்கியோவில் கடும் வெயில். மதிய உணவு முடித்து ஊழியர்கள் அலுவலகங்களுக்குத் திரும்பியதும் தேவை கிடுகிடுவென ஏறியது. வோல்டேஜ் இறங்கத் தொடங்கியது. இறங்கினால் சுமையும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்பது பொறியாளர்களின் பழைய எதிர்பார்ப்பு. புதிய ஏ.சி.களோ மின்னணுக் கட்டுப்பாட்டோடு வந்தவை. வோல்டேஜ் குறைந்தால் மின்னோட்டத்தைக் கூட்டி, தங்கள் குளிரைக் குறையாமல் பார்த்துக்கொண்டன. உயர் அழுத்த மின்தடங்களின் வோல்டேஜ் சரிந்து சுமார் 8,000 மெகாவாட் சுமை அறுந்தது. 28 லட்சம் வாடிக்கையாளர்கள் மின்சாரமின்றி நின்றார்கள். எந்தக் கருவியும் பழுதாகித் தொடங்கிய விபத்தில்லை அது. ஒவ்வொரு ஏ.சி.யும் தன் வேலையைச் சரியாகச் செய்தது, அவ்வளவுதான்.

இனி நியூட்ரல். என் மதிப்பில் பழைய நகரங்களில் இதுவே மிகக் கொடிய பழுது. இதற்குத்தான் மிகக் குறைந்த பேர் தயாராக இருக்கிறார்கள். கட்டடத்துக்குள் மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒரு மாடிக்கு ஒரு ஃபேஸ், அடுத்த மாடிக்கு இன்னொன்று. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். கீழே எங்கோ நியூட்ரல் முடிச்சு விட்டுப்போனால் வீடுகளின் விளக்கு அணையாது. இரண்டு மாடி வீடுகளும் ஒன்றன் பின் ஒன்றாக அந்த 400 வோல்ட்டின் குறுக்கே மாட்டிக்கொள்ளும். மூன்றாம் மாடியில் 2,000 வாட் சுமை, நான்காம் மாடியில் 500 வாட் சுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதின் மின்தடை சுமார் 26 ஓம், இரண்டாவதற்கு 106 ஓம். 400 வோல்ட் இவற்றின் விகிதத்தில் பிரியும். மூன்றாம் மாடிக்கு 80 வோல்ட், நான்காம் மாடிக்கு 320. சிக்கனமாக ஒரு டி.வி.யும் நாலு விளக்கும் போட்டிருந்த வீட்டில்தான் எல்லாம் வெடிக்கும். டி.வி.க்குள் இருக்கும் கண்டன்சர் பெரும்பாலும் 400 வோல்ட்டுக்கானது. 320 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்சம் 450ஐத் தாண்டும். விளக்குகள் ஒரு மாடியில் மங்கி, இன்னொரு மாடியில் கண்ணைக் கூசவைத்தால் யோசிக்காமல் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். கீழே ஓடி மற்ற வீட்டுக்காரர்களையும் அணைக்கச் சொல்ல வேண்டும். முன்னே சொன்ன வெட்டும் பெட்டி இங்கேயும் காப்பாற்றும், அதன் ரிலே அந்த வோல்டேஜைத் தாங்கும் தரத்தில் இருந்தால்.

இந்த இடத்தில் பலர் நம்பியிருப்பது "சர்ஜ் புரொடெக்டர்" என்று எழுதிய எக்ஸ்டென்ஷன் பெட்டியை. நியூட்ரல் போன வீட்டில் முதலில் தீப்பிடிப்பதே சில சமயம் அதுதான். ஏன் என்று தெரிய அதன் உள்ளே பார்க்க வேண்டும். வெல்லமிட்டாய் அளவில் நீலமாகவோ மஞ்சளாகவோ ஒரு வட்டு, இரண்டு கால்கள். பெயர் வேரிஸ்டர். துத்தநாக ஆக்சைடு பொடியில் கொஞ்சம் பிஸ்மத் ஆக்சைடும் வேறு சிலவும் கலந்து, அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த பீங்கான். ஜப்பானின் மட்சுஷிடா கம்பெனியில் மிச்சியோ மட்சுவோகா அறுபதுகளின் பின்பாதியில் இதை உருவாக்கினார். பீங்கானுக்குள் துத்தநாக ஆக்சைடு மணிகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். மணிக்கும் மணிக்கும் நடுவேயுள்ள மெல்லிய எல்லை சுமார் மூன்று வோல்ட் வரை மின்சாரத்தை விடாது. அதற்கு மேல் சட்டென்று திறந்துவிடும். நூற்று நாற்பது சொச்சம் எல்லைகள் வரிசையாக இருந்தால் 430 வோல்ட்டில் திறக்கும். ஏரிக்குக் கலிங்கு போல: நீர்மட்டம் கல்லைத் தொடும்வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, தாண்டியதும் உபரி முழுவதும் அந்த வழியே போகும்.

நம் வீட்டு 230 வோல்ட்டின் உச்சம் 325. ஆகவே 430இல் திறக்கும் வட்டு சாதாரண நாளில் தூங்கும். தூரத்து இடியோ பெரிய மோட்டார் அணையும் உதறலோ கம்பியில் இரண்டாயிரம், மூவாயிரம் வோல்ட்டை எழுப்பினால், ஒரு மைக்ரோநொடி முடிவதற்குள் வட்டு திறந்து வோல்டேஜை எழுநூறு சொச்சத்தில் பிடித்து நிறுத்தும். சில மைக்ரோநொடிகள் எழுநூறைப் பெரும்பாலான சாதனங்கள் பொறுத்துக்கொள்ளும். இருபது மில்லிமீட்டர் வட்டு ஒன்று அந்தச் சிறு பொழுதுக்கு ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தாங்கும். அதே வட்டால் தொடர்ந்து தாங்க முடிவது ஏறக்குறைய ஒரே ஒரு வாட். நியூட்ரல் போய் 320 வோல்ட் வந்தால் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் உச்சம் 430ஐத் தாண்டுகிறது, ஒவ்வொரு முறையும் வட்டு திறக்கிறது. நொடிக்கு நூறு முறை. சில நொடிகளில் அது கருகும். வட்டோடு ஒட்டி வெப்ப ஃபியூஸ் வைத்த பெட்டிகளில் சேதம் அத்தோடு நிற்கும். வைக்காத மலிவுப் பெட்டியில் பிளாஸ்டிக் பற்றிக்கொள்ளும். இன்னொன்று, ஒவ்வொரு அடியிலும் வட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். நாலைந்து மழைக்காலம் பார்த்த பெட்டி வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டியாகவே இருக்கக்கூடும். "பாதுகாப்பு" என்ற சின்ன விளக்கு இருந்தால் அது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ரங்கூன் கட்டடங்களில் பல வீடுகளுக்கு எர்த் கம்பியே வருவதில்லை. இரட்டைத் துளை சாக்கெட்தான். பெட்டிக்குள் மூன்று வட்டுகள் இருந்தாலும் எர்த்தோடு சேர வேண்டிய இரண்டும் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஜெனரேட்டரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பபேடான் நடைபாதையில் கடைக்கு ஒன்றாக உறுமும் அந்தப் பெட்டிகளின் வோல்டேஜ் சுமைக்கேற்ப ஆடும், ஏ.சி. நின்ற நொடியில் துள்ளும். அதையும் வெட்டும் பெட்டி பார்த்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக் கம்பியோடு சேர்க்கும்போது, ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இணைய முடியாத சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் வழியாகத்தான் சேர்க்க வேண்டும். இரண்டு முனையிலும் ஆண் பிளக் உள்ள ஒயரைச் சுவர்ச் சாக்கெட்டில் செருகி வீட்டுக்குக் கரண்ட் ஏற்றும் தந்திரம் யாங்கோனிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு, விருதுநகரிலும் உண்டு. மெயினை அணைக்க மறந்தால் அந்த 230 வோல்ட் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மருக்குத் திசை கிடையாது. தலைகீழாகவும் வேலை செய்து 230ஐ 11,000 ஆக்கும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் கை அந்தக் கம்பியில் இருக்கும்.

நான்கு மணிநேர முறை யாங்கோன் வீடுகளை இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் தள்ளியது. ஈய-அமில பேட்டரிக்கு இந்த முறை ஒத்துவரவில்லை. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைச் செலவழித்தால் அதைத் திரும்ப நிரப்ப 10 ஆம்பியர் சார்ஜருக்கு ஐந்து மணிநேரத்துக்கும் மேலாகும். கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும். அந்த முறையில் கரண்ட் இருப்பதோ நான்கு மணிநேரம். நாளுக்கு நாள் அரைகுறையாக நிரம்பும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து, ஒரே வருடத்தில் அது கனமான பெட்டியாகிவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தக் குறை இல்லை. பாதியில் நிறுத்தினாலும் முகம் சுளிக்காது, வேகமாகவும் ஏறும். அந்த வேதியியலின் வேர் 1980களில் ஜான் குட்இனஃபும், மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்துவிட்டு அவரோடு ஆய்வில் சேர்ந்த ஆறுமுகம் மந்திரமும் செய்த பல்அயனிச் சேர்மங்களின் ஆய்வில் இருக்கிறது. குட்இனஃப் 2019இல் நோபல் பரிசு பெற்றபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரை நிகழ்த்தியவர் மந்திரம்.

வேகமாக ஏறும் பேட்டரியிலும் தெருவின் கணக்கு ஒளிந்திருக்கிறது. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியை 50 ஆம்பியரில் ஏற்றினால் சார்ஜர் சுவரிலிருந்து சுமார் 780 வாட், அதாவது மூன்றரை ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். பதினாறு வீட்டுக் கட்டடத்தில் எல்லோரும் அப்படி வைத்தால் 54 ஆம்பியர். கரண்ட் வந்த அதே நொடியில், பதினாறு ஃபிரிட்ஜ்களோடு சேர்ந்து. இந்த சார்ஜர்களில் அநேகமாக எல்லாவற்றிலும் மின்னோட்ட அளவை மாற்றும் அமைப்பு உண்டு. வாங்கி வந்தபடி அதிகபட்சத்தில் இருக்கும். 25இல் வைத்தால் முழுக்கக் காலியான பேட்டரியும் ஏறக்குறைய நான்கு மணிநேரத்தில் நிரம்பிவிடும். நான்கு மணிநேர முறையில் கரண்ட் இருப்பதும் அந்த நான்கு மணிநேரம்தான்.